சென்னையில் எம்.ஏ. படிக்க வரும் தங்கைக்கு: எந்த உதவி எந்தக் கவுண்டரில்?

கேள்வி இதுதான்: "அக்கா, கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரம் பக்கம் எங்கள் ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழ் கிடைத்திருக்கிறது. அப்பா கூலி வேலை, எஸ்.சி. வகுப்பு. எங்கள் வீட்டிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போகிற முதல் ஆள் நான்தான். எங்கே தங்குவது? உதவித்தொகை உண்மையிலேயே வருமா? சாப்பாடு, போக்குவரத்து எப்படி? ஏதாவது பிரச்சினை என்றால் யாரிடம் போவது? வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா கொண்டுவந்து விடுகிறார்."

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் உரிமையோடு 'நீ' என்றே எழுதுகிறேன். அதே பல்கலைக்கழகத்தில் படித்தவள் நான். இப்போது நகரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையும் என் தலையில்தான் இருக்கிறது. அதனால் நீ கேட்டவற்றில் பெரும்பாலானவை எனக்குத் தினமும் கண்ணில் படுகிற விஷயங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். உனக்குத் தேவைப்படும் உதவிகள் அநேகமாக எல்லாமே இருக்கின்றன. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. உதவித்தொகை ஆதிதிராவிடர் நலத்துறையிடம், பஸ் பாஸ் போக்குவரத்துக் கழகத்திடம், ரயில் சலுகை ரயில்வேயிடம், தேர்வு சம்பந்தப்பட்டது சேப்பாக்கத்தில் தேர்வுப் பிரிவில், புகார் என்றால் அதற்கென்று ஒரு குழு. ஒரு கவுண்டரில் இருப்பவருக்கு அடுத்த கவுண்டரில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவர்களாக உன்னைக் கூப்பிட்டுக் கொடுக்கவும் மாட்டார்கள். ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் பாதியில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். படிப்பு வராமல் நின்றவர்கள் குறைவு. பணம் வர மாதக்கணக்கில் தாமதமாகும், யாரிடம் கேட்பதென்று தெரியாது, கேட்கக் கூச்சம், மெஸ் பாக்கி ஏறும், பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். இந்தப் பதில் முழுக்க அந்தக் கூச்சத்தை உடைக்கத்தான்.

இடம் பற்றிக் கொஞ்சம். 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. ஒரே வளாகம் என்று நினைத்துக்கொண்டு வராதே. சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி என்று பிரிந்து கிடக்கிறது. தமிழ்த் துறைகள் மெரினா வளாகத்தில், காமராசர் சாலையில் கடற்கரைக்கு எதிரே. பதிவாளர் அலுவலகம், தேர்வுப் பிரிவு, பெரிய நூலகம், செனட் மண்டபம் எல்லாம் வடக்கே சேப்பாக்கத்தில். வகுப்பு ஒரு பக்கம், ஆபீஸ் ஒரு பக்கம் என்பதால் ஒரு கையெழுத்துக்கு இரண்டு நடை நடக்க வேண்டியிருக்கும். மதிய உணவு இடைவேளை பார்த்துப் போகாதே, ஆளிருக்காது. காலையில் முதல் வகுப்பு இல்லாத நாளாகப் பார்த்துப் போ.

இனி உதவித்தொகை. நீ கேட்டதில் இதுதான் முக்கியமானது, அதனால் நிதானமாகப் படி.

உனக்குப் பொருந்துவது போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கட்டாயக் கட்டணங்களும் ஒரு பராமரிப்புப் படியும் அதில் வரும். வரும், நிச்சயம் வரும். ஆனால் சேர்ந்த மாதமே வராது. படி என்பதும் வருடத்துக்குச் சில ஆயிரம்தான், அதை வைத்து வருடம் முழுக்கச் சாப்பிட முடியாது. அதனால் முதல் சில மாதங்களை இந்தப் பணம் இல்லாமல் ஓட்டுவது எப்படி என்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். இன்னொன்று, பி.ஏ. படிக்கும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கியிருப்பாய். அது பட்டப்படிப்போடு நின்றுவிடும். எம்.ஏ.வுக்கும் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்து ஏமாந்த பிள்ளைகள் உண்டு.

விண்ணப்பம் இணையத்தில்தான். பள்ளியில் எமிஸ் எண் இருந்ததல்லவா, அதுபோலக் கல்லூரிக்கு யூ.எம்.ஐ.எஸ். எண். பி.ஏ. படித்த கல்லூரியில் கேட்டுக் குறித்துக்கொண்டு வா. வருமானச் சான்றிதழ் புதிதாக இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் ஒருமுறை எடுத்தது போதும், வருமானச் சான்று அப்படியில்லை. ஈ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று வரிசையாகப் போய் வரும். ஊரில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டிய வேலை இது. சென்னைக்கு வந்த பிறகு, "வி.ஏ.ஓ. வந்து பார்த்துவிட்டுப் போனாரா?" என்று அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் நிலைமை வேண்டாம்.

பணம் எங்கே சிக்குகிறது என்று சொல்கிறேன். விண்ணப்பம் சரி, ஒப்புதலும் ஆகிவிட்டது, ஆனால் பணம் வரவில்லை என்று என் மேஜை முன்னால் வந்து நிற்கும் பிள்ளைகளில் பலருக்குப் பிரச்சினை வங்கிக் கணக்கில்தான். உதவித்தொகை நீ எழுதிக் கொடுத்த கணக்குக்கு என்று போவதில்லை. உன் ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைந்திருக்கிறதோ அங்கே போகும். ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ பள்ளியில் மொத்தமாகத் தொடங்கிக் கொடுத்த கணக்கு ஒன்று இருக்கும். பாஸ்புக் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பல வருடம் வரவு செலவு இல்லாமல் வங்கி அதை முடக்கி வைத்திருக்கும். பணம் அந்தக் கணக்கைத் தேடிப் போய், முட்டித் திரும்பிவிடும். ஆதார் இணையதளத்தில் உன் எண்ணைக் கொடுத்தால், எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது, இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். இன்று இரவே பார். பழைய வங்கி காட்டினால் அந்தக் கிளைக்குப் போய் கே.ஒய்.சி. கொடுத்துக் கணக்கை உயிர்ப்பி. அல்லது நீ இப்போது பயன்படுத்தும் வங்கியில், "ஆதார் சீடிங் இந்தக் கணக்குக்கு மாற்றித் தாருங்கள்" என்று எழுதிக் கொடு. அதுவும் இழுத்தால் அஞ்சலகத்தில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு தொடங்கிவிடலாம், எங்கள் பிள்ளைகள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்த சிக்கல் பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. மூன்றும் நீதான், ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரை மாற்றிக்கொள்வதுதான் சுலபம். மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரிய பாடு.

விண்ணப்பித்ததும் ஒப்புகைச் சீட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வை. இரண்டாம் வருடம் புதுப்பிக்க வேண்டும், தானாகத் தொடராது.

சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. டி.சி. மட்டும் வாங்கிக்கொள்வார்கள், அது முறைதான். மற்றவற்றை அங்கேயே நின்று வாங்கிக்கொண்டு வா. கட்டணம் கட்ட முடியாத மாணவியின் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்ட ஒரு நிறுவனத்தோடு நானே மாதக்கணக்கில் கடிதப் போர் நடத்தியிருக்கிறேன்.

தங்குவதற்கு மூன்று வழி. பல்கலைக்கழகத்தின் சொந்த மகளிர் விடுதி முதல் வழி. இடம் குறைவு, அதனால் சேர்க்கை நாளிலேயே விடுதி விண்ணப்பத்தையும் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடு. "அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னாலும் விண்ணப்பத்தைக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு வா. இரண்டாவது, அரசின் கல்லூரி மாணவியர் விடுதி. 2025 ஜூலையிலிருந்து இவற்றுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர். தங்கவும் சாப்பிடவும் கட்டணம் கிடையாது. இதற்கு விண்ணப்பம் தனி, காப்பாளினி வேறு, துறை வேறு. பல்கலைக்கழக விடுதிக்குக் கொடுத்தது இதற்குச் செல்லாது. இரண்டுக்கும் போடு, எது முதலில் வருகிறதோ அதில் சேர்.

அரசு விடுதிச் சாப்பாட்டைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதி மாணவர் ஒருவருக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்த உணவுப்படியை 2023-இல் 1,500 ஆக உயர்த்தினார்கள். ஒரு நாளைக்கு 50 ரூபாய். அதற்குள் மூன்று வேளை. சென்னை விலைவாசியில் அந்தப் பணத்தில் என்ன சமைக்க முடியுமோ அதுதான் தட்டில் வரும். எனக்கு இதில் வருத்தம் உண்டு, படி இன்னும் உயர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் வாடகை இல்லாமல் பாதுகாப்பாகத் தங்க ஓர் இடம் என்பதை உன் நிலைமையில் விட்டுவிடாதே. தரம் மோசமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து காப்பாளினியிடம் எழுதிக் கொடுங்கள், பிறகு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம்.

மூன்றாவது தனியார் மகளிர் விடுதி. திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் நிறைய இருக்கின்றன. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் என்று நீ கேள்விப்பட்டிருப்பவை பெரும்பாலும் ஆண்களுக்கானவை. பெண்கள் விடுதியில் சேர்ந்தால் முன்பணம் எவ்வளவு, காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பார்கள், தண்ணீர் எப்போது வரும், இரவு எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவார்கள், இந்த நான்கையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேள். முன்பணத்துக்கு ரசீது இல்லாமல் கொடுக்காதே.

வெளியே சாப்பிட நேர்ந்தால் அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் தொடங்கியது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. மாதக் கடைசியில் அங்கே கையில் புத்தகத்தோடு வரிசையில் நிற்கும் மாணவர்களைப் பார்ப்பாய். நீயும் தயங்காமல் நில். பட்டினியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் எங்களால் தானாகப் போய்க் கேட்க முடிவதில்லை, உனக்குச் சங்கடமாகிவிடுமோ என்ற பயம். நீயே வந்து சொல்லிவிட்டால் எங்களுக்கும் உதவ வழி கிடைக்கும். துறையில் யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் முதலில் ஓர் ஆய்வு மாணவியிடம் சொல். பிஎச்.டி. படிக்கும் அக்காக்களுக்கு எந்தப் பேராசிரியர் காதுகொடுத்துக் கேட்பார், எந்தப் பிரிவு எழுத்தர் வேலையை முடித்துத் தருவார் என்பதெல்லாம் அத்துப்படி.

போக்குவரத்தில் உனக்குச் செலவு குறைவு. 2021 மே மாதத்திலிருந்து மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணப் பேருந்து பெண்களுக்கு இலவசம். முன்னாலும் பின்னாலும் இளஞ்சிவப்பு அடித்திருந்தால் ஏறு. கண்டக்டர் தரும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள். டீலக்ஸ், ஏ.சி. பஸ்ஸுக்கு இது செல்லாது. பறக்கும் ரயிலில் மெரினா வளாகத்துக்குத் திருவல்லிக்கேணி நிலையம், சேப்பாக்கம் வளாகத்துக்குச் சேப்பாக்கம் நிலையம். தினமும் ரயிலில் போய்வர வேண்டியிருந்தால் மாணவர் சீசன் டிக்கெட் சலுகை விலைக்குக் கிடைக்கும். அதற்கு உன் துறையில் சான்று வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

எதற்கெடுத்தாலும் நீ இங்கே படிக்கிறாய் என்று காட்டும் போனஃபைடு சான்றிதழ் கேட்பார்கள், சீசன் டிக்கெட், வங்கி, விடுதி என்று. ஒரே தடவையில் நான்கைந்து படிகள் கேட்டு வாங்கி வைத்துக்கொள்.

வகுப்பைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை போதும். வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். குறைந்தால் மருத்துவச் சான்று, வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் கண்டோனேஷன் கட்டணம் என்று அலைய வேண்டும், ரொம்பக் குறைந்தால் அந்தப் பருவத் தேர்வே எழுத முடியாது. ஊரில் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம், ஆடி, தீபாவளி என்று வாராவாரம் ஊருக்கு ஓடும் பிள்ளைகளுக்குத்தான் இது வந்து கழுத்தைப் பிடிக்கிறது. நவம்பரில் முதல் பருவத் தேர்வு வரும், சரியாக மழையும் வரும். மழையால் தேர்வு தள்ளிப்போனால் அறிவிப்பைப் பல்கலைக்கழக இணையதளத்தில் மட்டும் பார். கைப்பேசியில் சுற்றி வரும் பழைய அறிவிப்பை நம்பிப் படிக்காமல் போனவர்களும் உண்டு, தேர்வுக்கே போகாமல் விட்டவர்களும் உண்டு.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தமிழ் படிக்கச் சென்னைக்கு வருவதன் பெரிய லாபம் நூலகங்கள்தான். உன் ஊரில் எந்தப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்காதது இங்கே உனக்குக் காசில்லாமல் கிடைக்கும்.

சேப்பாக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கு 1924-இல் முதல் நூலகராக வந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். உலகமெங்கும் நூலகத் துறையில் படிக்கும் கோட்பாடுகளை உருவாக்கியவர், அதற்கான பட்டறை இந்த நூலகம்தான். சேர்ந்த வாரமே உறுப்பினர் அட்டை எடு. எழும்பூரில் கன்னிமாரா, 1896-இல் திறந்தது. நாட்டில் வெளியாகும் நூல்களின் ஒரு படி சட்டப்படி அங்கே வந்து சேர வேண்டும், அதனால் கடையில் கிடைக்காத பதிப்பும் அங்கே இருக்கும். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010-இல் திறந்தது. திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கி நடந்துவிடலாம். குளிரூட்டிய கூடம், தண்ணீர், சுத்தமான கழிவறை, உன் சொந்தப் புத்தகத்தை வைத்துப் படிக்கத் தனிப் பகுதி. விடுதி அறையில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது படிக்க முடியவில்லை என்றால் ஞாயிறு காலையே அங்கே போய்விடு. ஓலைச்சுவடி வைத்திருக்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் அதே கட்டடத்தில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுதும்போது தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகமும் தேவைப்படும். பழைய இதழ்கள், முதல் பதிப்புகள் வேண்டுமென்றால் ரோஜா முத்தையாவுக்குப் போ. துறையிலிருந்து ஒரு கடிதம் கொண்டுபோனால் வேலை சுலபம்.

சொந்தமாக வாங்க வேண்டியவற்றுக்கு, உன் வளாகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பாரதி சாலை. பழைய ஆட்களுக்கு அது பைகிராப்ட்ஸ் ரோடு. நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. உரைநூல்கள், இலக்கணப் பதிப்புகள், முன்பு படித்தவர்கள் ஓரத்தில் குறிப்பு எழுதிய பாடநூல்கள் எல்லாம் கிடைக்கும். பேரம் பேசலாம்.

கைச்செலவுக்கு வேலை வேண்டுமென்றால் தமிழ் மாணவிக்குப் பொருத்தமானவை இருக்கின்றன. பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது, பக்கக் கணக்கில் பணம் தருவார்கள். சந்திப்பிழை இல்லாமல் எழுதத் தெரிந்தவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு. பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது அரங்கில் நிற்க ஆள் எடுப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கலாம். முதல் பருவத்தில் மட்டும் எதையும் ஒத்துக்கொள்ளாதே. ஊர் பழகட்டும்.

உடம்புக்கு வந்தால்: திருவல்லிக்கேணியிலேயே கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் சட்டென்று புரியும். பெண்களுக்கான மருத்துவமனை. மாதவிடாய்த் தொந்தரவு, ரத்தசோகை என்று எதுவானாலும் அங்கே போகலாம். காய்ச்சல் மாதிரி மற்றவற்றுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, அங்கே மனநலப் பிரிவும் உண்டு.

மனசைப் பற்றியும் பேச வேண்டும். முதல் இரண்டு மாதம் உனக்கு அழுகை வரும். விடுதியில் யாரும் ஊர்ப் பேச்சு பேசமாட்டார்கள், சிலர் உன் பேச்சைத் திருப்பிப் பேசிக் காட்டவும் செய்வார்கள். வகுப்பில் மற்றவர்களுக்கு எல்லாம் தெரிந்தது போலவும் உனக்கு மட்டும் ஒன்றும் தெரியாதது போலவும் தோன்றும். இது பெரும்பாலும் தானே தெளியும். ஆனால் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போகவே பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் நீண்டால் காத்திருக்காதே. 14416 என்ற எண் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், நாள் முழுக்க இயங்கும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையிலேயே 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகா இருக்கிறது, எண் 044-24640050. யார் பேசினார்கள் என்று கல்லூரிக்கோ வீட்டுக்கோ தகவல் போகாது. "பைத்தியம் பிடித்தவர்கள்தான் அங்கெல்லாம் பேசுவார்கள்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. என்னிடம் படித்த பிள்ளைகள் பேசிவிட்டு வந்து தேர்வு எழுதி, இப்போது ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.

பிரச்சினை என்றால் யாரிடம் போவது என்று கேட்டிருந்தாய். அது என்ன பிரச்சினை என்பதைப் பொறுத்தது.

சீனியர்கள் தொல்லை என்றால், தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. முந்தைய ஆண்டு ஒரு முதலாமாண்டு மருத்துவ மாணவன் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு வந்த சட்டம் அது. மானியக் குழுவின் 1800-180-5522 எண் எப்போதும் இயங்கும்.

பாலியல் தொல்லை என்றால் உள் புகார் குழு. செய்தவர் மாணவராக இருந்தாலும் பேராசிரியராக இருந்தாலும் ஆபீஸ் ஊழியராக இருந்தாலும் இதே குழுதான். குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் அந்தக் கெடுவை நீட்டிக்கலாம். உடனே ஆபத்து என்றால் 112, பெண்கள் உதவிக்கு 181. "வெளியே சொன்னால் உன் படிப்புதான் போகும்" என்று யாராவது பயமுறுத்தினால், அந்த மிரட்டலையும் புகாரில் எழுது.

சாதியைச் சொல்லி யாராவது இழிவுபடுத்தினால், அதை நகரத்தில் நாசூக்காகவும் செய்வார்கள். "நீ எந்தக் கோட்டாவில் வந்தாய்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அதற்கு எஸ்.சி., எஸ்.டி. பிரிவு இருக்கிறது. தேதி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்று அன்றே ஒரு நோட்டில் எழுதி வை. தனியாகப் போகாதே, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போ. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வளாகத்துக்குள்ளும் செல்லும்.

மதிப்பெண், கட்டணம், விடுதி, சான்றிதழ் என்று மற்ற எல்லாவற்றுக்கும் மாணவர் குறைதீர் குழு. மானியக் குழுவின் 2023 விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும். அங்கே தீரவில்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

எங்கே போனாலும் வாயால் மட்டும் கேட்டுவிட்டு வராதே. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுது. 1956 முதல் இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ்தான், இங்கிலீஷில் எழுதத் தெரியாது என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயர், பதிவெண், துறை, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும், அவ்வளவு போதும். இரண்டு படி எடுத்து ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் சீலும் தேதியும் வாங்கிக்கொள். "சீல் எல்லாம் எதுக்கும்மா?" என்பார்கள். "ஊரில் அப்பா கேட்பார் சார்" என்று சொல்லி வாங்கிவிடு. அடுத்த முறை போகும்போது அந்தச் சீல் வைத்த தாளோடு போனால் பதில் வேறு மாதிரி வரும். பலருக்கு இதைச் சொல்லிக் கொடுத்து, வேலை நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் உனக்கும் சொல்கிறேன்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்குத் தகுதி தரும் நெட் தேர்வைப் பற்றி இப்போதே தெரிந்துகொள். எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி. படிக்க மாதம் 37,000 ரூபாய். உன் மாதிரிப் பிள்ளைகள் வீட்டுக்குப் பாரமில்லாமல் மேலே படிக்க இதைவிட நல்ல வழி தமிழ்த் துறையில் இல்லை. பழைய வினாத்தாள்களை முதல் ஆண்டுக் கோடையிலேயே தொடங்கு.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை வராதே. அன்று ஆபீஸ் எதுவும் திறந்திருக்காது. அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார், அந்த நாள் வீணாகக் கூடாது. திங்கள் விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கும்படி கிளம்புங்கள். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம், மின்சார ரயிலில் பூங்கா நிலையம், வெளியே வந்தால் பக்கத்திலேயே பார்க் டவுன். அங்கே வேளச்சேரி பக்கம் போகும் பறக்கும் ரயிலில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டைக்கு அடுத்தது சேப்பாக்கம், அதற்கு அடுத்தது திருவல்லிக்கேணி. முதலில் துறை அலுவலகம், பிறகு விடுதிக் காப்பாளினி, பிறகு வங்கி. இந்த மூன்று இடத்துக்கும் அப்பாவைக் கூடவே அழைத்துக்கொண்டு போ, கையெழுத்து கேட்பார்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் இருபதாவது இருக்கட்டும். ஆதார் நகல், வருமானச் சான்று, சாதிச் சான்று, பி.ஏ. மார்க் ஷீட், டி.சி., ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண்ணின் சிம் எல்லாம் ஒரே பையில், அந்தப் பை உன் மடியில். பெட்டியில் போட்டு பஸ் டிக்கியில் வைத்துவிடாதே.